பதினான்கு பூச்சுக்கு அடியில்

பூண்டுலோயா
13.1.1963

அட்டன் ஸ்டுடியோ பேரின்பநாயகம் மாஸ்டருக்கு,

நான் செத்துப்போனதாக நீங்கள் சினிமாப் படம் எடுக்கிறீர்களாமே. நான் சாகவில்லை. நேற்று இருபத்திரண்டு இறாத்தல் தேயிலைக் கொழுந்து எடுத்து நிறுத்துப் போட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, வாசலை மெழுகி, நாளைப் பொங்கலுக்குப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இதை எழுதுகிறேன். செத்தவள் இவ்வளவு வேலை செய்ததாக நீங்கள் காட்டினால் ஜனங்கள் நம்பமாட்டார்கள்.

என் பெயர் ராக்காயி. வட்டவளைப் பக்கம் ஊசிப்பாறைத் தோட்டத்தில் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நல்லமுத்துவின் பெண்சாதி. அவர் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. நானும் மகள் மீனம்மாவும் இங்கே என் தாய் வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறோம். என் கொழுந்தன் கந்தப்பன் போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு வந்தான். வந்தவன் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். "அண்ணி, நா சினிமாவுல நடிக்கிறேன். அண்ணனாத்தான் நடிக்கிறேன்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்.

கதையையும் சொன்னான். ஒரு படக்காரன். அவன் வரைவதை யாரும் மதிப்பதில்லை. லயத்து வரிசையில் தான் குடியிருக்கும் ஓர் அறைக் காம்பராச் சுவரில் பெட்டி மையால் வரைந்து வரைந்து அவனுக்குப் புத்தி கலங்குகிறது. கடைசியில் பெண்டாட்டியைக் கொன்று, அவளைப் பிணமாகச் சுவரில் வரைந்து வைக்கிறான். அவள் பேயாக வந்து அவனைப் பிடிக்கிறாள். இதுதானே?

அந்தப் படக்காரன் என் புருஷன், அந்தப் பேய் நான். இரண்டு பேரிடமும் கேட்காமல் எடுக்கிறீர்கள். அவரிடம் கேட்க முடியாது, சரி. என்னிடம் கேட்க ஒரு கடுதாசி போதுமே. என் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'பைத்தியக்காரன் மக' என்று கூப்பிடுகிறார்கள். நீங்கள் அதைத் திரை கட்டி ஊருக்கெல்லாம் காட்டப் போகிறீர்கள். படத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கதையை மாற்றுங்கள். பிணம் இல்லாமல் படம் ஓடாது என்றால் உங்கள் வீட்டு ஆட்களில் ஒருவரைக் கொன்றுகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
ந. ராக்காயி


அட்டன்
18.1.1963

திருமதி ராக்காயி அவர்களுக்கு,

வணக்கம். உங்களுடைய கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது கோபம் வந்தது. இன்னொரு தரம் வாசித்தபோது, வசனம் எழுதுவதற்கு உங்களைப் பிடித்திருக்கலாமே என்று தோன்றியது. நான் இப்போது வைத்திருக்கும் வசனங்கள் இவ்வளவு காரமாக இல்லை.

என்னைப் பற்றியும் நீங்கள் அறிய வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து சித்திரம் படிப்பிக்க இந்தக் குளிருக்கு வந்தவன் நான். பிறகு வாத்தியார் வேலையை விட்டு இந்த ஸ்டுடியோவைத் திறந்தேன். பத்து வருடமாக நான் பிடிப்பதெல்லாம் தலைகள். பாஸ்போட்டுக்குத் தலை, பிரஜாவுரிமை மனுவுக்குத் தலை. காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. கழுத்துக்குக் கீழே ஒரு மனிதனுக்கு என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்து போய்விட்டது. இதற்காகவா நான் சித்திரம் படித்தேன்? சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து, சாவி கொடுத்து ஓட்டும் பழைய சினிமாக் கமெரா ஒன்றை வாங்கினேன். அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து நான் வேறு ஆள்.

'இரத்தச் சுவர்' என்பது படத்தின் பெயர். இரத்தத்துக்குக் கட்டிச் சாயத்தண்ணீர், பால் விடாத தேநீர்தான். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் யாருக்கும் தெரியாது. பேய் வரும் இடத்துப் புகைக்கு வட்டவளைப் பனிமூட்டம் தானாக வந்து நிற்கிறது. ஒன்று சொல்லி வைக்கிறேன், இது நல்ல படம். இதைப் பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போய் விளக்கை அணைக்கமாட்டார்கள்.

நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. தோட்டத்தில் பத்துப் பேரிடம் கதைத்தேன். பத்துப் பேரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். மனைவி பிரசவத்துக்குப் போயிருந்த நேரம் நல்லமுத்து அவளைப் பிணமாக வரைந்தார், சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களோடு சண்டை பிடித்தார், கட்டித்தான் கொண்டுபோனார்கள் என்று. கொலை மட்டும் நான் சேர்த்தது. பேய்ப்படத்தில் யாராவது சாகத்தான் வேண்டும், அம்மா. ஆனால் கதாநாயகியின் பெயரை மாற்றுகிறேன். அவ்வளவு செய்யலாம்.

பதிலுக்கு எனக்கு ஓர் உதவி. உங்கள் கணவர் தூரிகையை எப்படிப் பிடிப்பார்? கந்தப்பன் அதைத் துடைப்பம் மாதிரிப் பிடிக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை.

உண்மையுள்ள,
த. பேரின்பநாயகம்


பூண்டுலோயா
3.2.1963

மாஸ்டருக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். துடைப்பம் என்று எழுதிவிட்டீர்கள், பொறுக்க முடியவில்லை. கொழுந்து கிள்ளுகிற மாதிரி இரண்டு விரலால் பிடிப்பார். கந்தப்பனிடம் சொல்லுங்கள், அவனும் பத்து வயதில் கொழுந்து கிள்ளியவன்தான்.

அவன் நடிப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த வருஷம் சுண்ணாம்பு அடிக்கிற ஆட்களில் அவனும் ஒருவன். அண்ணன் கைகளைத் தன் தலைத்துண்டால் கட்டியவன். இப்போது அண்ணன் வேஷம் போட்டு நிற்கிறான். அவனுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் யாழ்ப்பாணத்து ஆள், லயத்து நடைமுறை தெரியாமல் இருக்கலாம். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் தோட்டத்துச் செலவில் எல்லாக் காம்பராவுக்கும் உள்ளும் புறமும் வெள்ளையடிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர் வருஷம் பூராவும் அந்தச் சுவரில் வரைவார். தீபாவளிக்கு முதல் வாரம் எல்லாம் போய்விடும். ஒருநாளும் அவர் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. "புதுச் செவுரு குடுத்துருக்காங்கடி" என்று சிரித்துக்கொண்டு மறுபடியும் மையைக் கரைப்பார். இதுவா பைத்தியம்?

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு, அதை வேண்டுமானால் உங்கள் படத்தில் போடுங்கள். கை, கால், சேலை மடிப்பு எல்லாவற்றையும் ஞாபகத்திலேயே வரைவார். முகத்தை மட்டும் ஆள் முன்னால் வந்து உட்கார்ந்தால்தான் வரைவார். "மூஞ்சிய மனசுல வச்சு வரஞ்சா பொய்யாயிரும்" என்பார். எங்கள் கங்காணியை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்தார். மனுஷன் மூன்றாவது வாரம் தூங்கியே போனார். கோயில் சுவரில் மாரியம்மன் எழுதச் சொன்னார்கள். சூலம், சிங்கம், பட்டுச்சேலை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, "ஆத்தா வந்து உக்காந்தா மூஞ்சி எழுதுறேன்" என்று தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். ஊரே ஏசியது. கடைசியில் கம்பளையிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்து முகத்தை எழுதினார்கள். இன்றைக்கும் அந்த அம்மனைப் பார்த்தால் உடம்பு ஒருத்தி, முகம் இன்னொருத்தி.

அந்த வருஷம் என்ன நடந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். தலைப்பிரசவம், நான் இங்கே தாய் வீட்டில் இருந்தேன். பிள்ளை பிறந்த பத்தாம் நாள் கந்தப்பன் வந்து, "அண்ணனக் கொழும்புப் பக்கம் ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க" என்றான். மார்கழியில் அங்கேயே மார்ச்சளி கண்டு போய்விட்டார். தையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் போய் நின்றபோது காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. சுவர் வெள்ளையாக இருந்தது.

ந. ராக்காயி


அட்டன்
10.2.1963

திருமதி ராக்காயி அவர்களுக்கு,

கந்தப்பன் இப்போது தூரிகையை அழகாகப் பிடிக்கிறான். உங்களுக்குப் பெரிய நன்றி. நேற்று அவன் சுவரை முறைத்துப் பார்க்கும் காட்சியை எடுத்தோம். கொழுந்து நிறுத்துவிட்டு அந்தப் பக்கமாகப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி உள்ளே வந்து கந்தப்பன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "புள்ளகுட்டிக்காரன், இவன என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று என்னை ஏசினாள். அந்தத் திருநீறும் படத்தில் விழுந்துவிட்டது. நான் வெட்டப் போவதில்லை.

வெட்கமில்லையா என்று அவனிடம் கேட்டேன். தூரிகையைத் துடைத்து வைத்தான். பிறகு, "அண்ணன் மாதிரி நின்னு பாத்தாத்தான் எனக்கு வெளங்குங்க" என்றான். அதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

இனி முக்கியமான விஷயம். நாங்கள் படம் பிடிப்பது நீங்கள் இருந்த அதே லயத்தில். போன வருட மழைக்கு மண் சரிந்து லயம் நீளத்துக்கும் வெடித்துவிட்டது. குடும்பங்களை மேலே ஏற்றிவிட்டார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு இடிக்கப் போகிறார்கள். அதனால்தான் தோட்டத்துத் துரை எங்களை உள்ளே விட்டார். வெளிச்சத்துக்காகக் கூரைத் தகரத்தைக் கூடக் கழற்ற விட்டார்.

உங்களுடைய காம்பராவில்தான் நான் தினமும் நிற்கிறேன். இடப்பக்கத்துச் சுவர். நாற்பத்தொன்பதாம் ஆண்டிலிருந்து கணக்குப் பார்த்தால் பதினான்கு பூச்சு. அதன் அடியில் உங்கள் கணவர் கடைசியாக வரைந்தது இருக்கிறது. பெட்டி மை எண்ணெய் மை, அழிந்திருக்காது. ஈரச் சாக்கும் ஒரு சிரட்டைக் கரண்டியும் இருந்தால் பொறுமையாக உரித்துவிடலாம். வேறு ஓர் ஆளைப் பிடித்து நான் பிணத்தை வரைவிப்பதைவிட, உண்மையானதையே காட்டினால் படம் எங்கேயோ போய்விடும்.

ஆனால் கந்தப்பன் கரண்டியைத் தொடமாட்டேன் என்கிறான். "அண்ணி ஒரு வார்த்த சொல்லணுங்க" என்று நிற்கிறான். அந்த ஒரு வார்த்தையை அனுப்புங்கள்.

த. பேரின்பநாயகம்


பூண்டுலோயா
17.2.1963

மாஸ்டருக்கு,

வேண்டாம். ஒரு வார்த்தை கேட்டீர்கள், அனுப்பிவிட்டேன்.

காரணம் கேட்பீர்கள். நீங்கள் விடுகிற ஆள் இல்லை. சொல்கிறேன், இதுவரை என் மகளுக்குக் கூடச் சொன்னதில்லை.

நான் தாய் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. சுவரில் என்னை வரைய வேண்டும், ஒரு மணி நேரம் உட்கார் என்றார். எனக்கு வயிறு நிறைமாதத்துக்குப் பக்கம், மூட்டை கட்டி முடியவில்லை, ரயிலுக்கு நேரமாகிறது. என்னென்னவோ பேசினேன். கடைசியாக, "இந்தச் செவுத்தையே கட்டிக்கிட்டு அழு" என்று கத்திவிட்டு இறங்கினேன். ஸ்டேஷன் வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். நான் திரும்பிப் பேசவில்லை. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பிணமாக வரைந்தார் என்று ஊர் சொல்கிறது. உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் தைரியமான எழுத்து. உள்ளுக்குள் அப்படி இல்லை. ஒருவேளை கோபத்தில் வரைந்திருப்பாரோ? நான் சாக வேண்டும் என்று நினைத்திருப்பாரோ? அப்படி இருந்தால் எனக்கு அது தெரிய வேண்டாம். பதினான்கு பூச்சும் அப்படியே இருக்கட்டும், லயத்தோடு சேர்ந்து மண்ணாகட்டும்.

கந்தப்பன் திருநீறு பூசிக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் சாயத்தண்ணீரைக் கொட்டிப் படத்தை முடியுங்கள். சுவரில் கை வைக்காதீர்கள்.

ந. ராக்காயி


அட்டன்
7.3.1963

அன்புள்ள ராக்காயி அம்மா,

கை வைத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் வருந்துகிறேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இரண்டு வாரம் உங்கள் சொல்லை மதித்துத்தான் இருந்தேன். தினமும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு சும்மா இருக்க எந்தச் சித்திரக்காரனாலும் முடியாது. போன செவ்வாய்க்கிழமை மற்றவர்களை அனுப்பிவிட்டு நானே தொடங்கினேன். கந்தப்பன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான்.

காலிலிருந்து தொடங்கினேன். சுண்ணாம்பு அப்பளம் மாதிரி ஏடு ஏடாக வந்தது. முதலில் ஒரு பாதம், இரண்டாவது விரலில் மெட்டி. இடது கணுக்காலுக்கு மேலே ஒரு தழும்பு. இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, அதன் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. மேடிட்ட வயிறு. கொழுந்து கிள்ளும் கை. அம்மா, இருபது வருடம் சித்திரத்தோடு கிடந்தவன் சொல்கிறேன், அந்தக் கையை வரைய என்னால் முடியாது. முதுகில் கூடை. ஆள் உயரத்துக்கு, ஒரு தப்புக் கோடு இல்லாமல்.

கழுத்துக்கு வந்தேன். அதற்கு மேல் தலை இல்லை.

ஏட்டோடு உரிந்து போய்விட்டதோ என்று ஈரச் சாக்கால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மை பட்ட தடமே இல்லை. தலையில் மாட்ட வேண்டிய கூடைக் கயிறு மட்டும் தோளிலிருந்து மேலே போய், வெறும் சுவரைச் சுற்றி வளைந்து, மறுபக்கம் இறங்குகிறது. கந்தப்பனைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான். "அன்னிக்குப் பாத்த மாதிரியே இருக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். இன்னும் படப்பிடிப்புக்கு வரவில்லை.

இதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் கண்டதில்லை. படத்தின் உச்சக்கட்டம் கிடைத்துவிட்டது. பாதத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே போவேன், எல்லோரும் முகத்துக்காகக் காத்திருப்பார்கள், முகம் இருக்காது. உங்கள் கணவர் மகா கலைஞன். கடைசியில் நோயாளியாகவும் இருந்திருக்கிறார். நிறைமாத மனைவியைத் தலையில்லாமல் வரைவது சுகமான மனதின் வேலை இல்லை. உங்களுக்கு இது வேதனை என்று தெரியும். மறைப்பது அதைவிடப் பிழை என்று நினைத்தே எழுதுகிறேன்.

த. பேரின்பநாயகம்


பூண்டுலோயா
10.3.1963

மாஸ்டர்,

நீங்கள் சித்திரம் படிப்பித்தவரா? உங்களிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. தை மாதம் நான் எழுதிய கடுதாசியை எடுத்துத் திரும்பப் படியுங்கள். மாரியம்மனுக்கே முகம் எழுதாமல் தூரிகையைக் கழுவி வைத்தவர் அவர். ஆள் முன்னால் உட்காராமல் முகம் வரையமாட்டார் என்று எழுதினேனா இல்லையா? நான் எங்கே இருந்தேன்? பூண்டுலோயாவில் இருந்தேன். பிறகு எப்படி முகம் வரும்?

உங்கள் கடிதத்தை மீனம்மாதான் எனக்குப் படித்துக் காட்டினாள். கண் மங்கலாக இருந்தது, பயத்தில். "தலை இல்லை" என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். நான் அழ ஆரம்பித்தேன். நன்றாகவே அழுதேன். பிள்ளை பயந்துபோய் அடுத்த காம்பரா அழகம்மாவைக் கூப்பிட ஓடினாள். அவர்கள் வந்து பார்க்கும்போது நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இவளுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

மாஸ்டர், அன்று காலையில் நான் சொன்னது இன்னொன்றும் உண்டு. கத்தியதை மட்டும் இவ்வளவு நாள் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் சொன்னதை மறந்தே போனேன். "புள்ளையப் பெத்து எடுத்துக்கிட்டு வந்து ஒக்கார்றேன். அதுவரைக்கும் மூஞ்சிய விட்டு வையி" என்றேன். மூட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டே வாயில் வந்ததைச் சொன்னது. அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். விட்டு வைத்தார். சுண்ணாம்பு வாளியோடு வந்தவர்களை ஏன் அடித்தார் என்று இப்போது தெரிகிறதா? முந்தின வருஷமெல்லாம் படம் முடிந்திருந்தது, சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார். இது முடியவில்லை. நான் வரவில்லை.

பிள்ளைத்தாச்சியைத் தலையில்லாமல் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். அதில் ஊரை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் 'பிணம், பிணம்' என்றார்களே தவிர, தலை இல்லை என்று ஒருவர் கூட என்னிடம் சொல்லவில்லை. அந்தச் சொல்லை வாயால் சொன்னால் எனக்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று விட்டிருப்பார்கள். அதை அன்றைக்கே ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்கும்.

அந்தச் சுவரில் யாரும் தலை வரையக் கூடாது. நீங்களும் கூடாது, உங்கள் ஆட்களும் கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நானும் மீனம்மாவும் வருகிறோம். கந்தப்பன் எங்கே ஒளிந்திருந்தாலும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள். என் பழைய கூடையையும் கொண்டு வருகிறேன். கமெராவுக்குச் சாவி கொடுத்து வையுங்கள்.

ராக்காயி


அட்டன்
31.3.1963

அன்புள்ள ராக்காயி அம்மா,

நீங்கள் வந்து போன பிறகு பத்து நாள் நான் ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தேன். வந்திருக்கிறது. நன்றாகவே வந்திருக்கிறது.

முதலில் சுவரில் தலையில்லாத பெண். அங்கே கமெராவை நிறுத்தினேன், நீங்கள் கூடையோடு அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றீர்கள், திரும்ப ஓட விட்டேன். திரையில் பார்த்தால் சுவரில் இருந்தவள் அப்படியே உயிரோடு நிற்கிறாள். உங்கள் தலைக்கு மேலே அவர் வரைந்த கயிறு வளைந்து தெரிகிறது. முதல் தரம் நின்றபோது உங்கள் தலை அந்த வளைவுக்கு நான்கு விரல் கீழே நின்றதே, "பதினாலு வருசம் கூடை தொங்குனா யாரு வளருவா?" என்று கேட்டீர்களே, அதையும் எடுத்திருக்கிறேன். சத்தம் இல்லை, வாய் அசைவது மட்டும் தெரியும். கந்தப்பன் தேயிலைப் பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து உங்கள் காலுக்குக் கீழே வைக்கும் அந்தக் கை கூட ஓரத்தில் விழுந்திருக்கிறது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவே இந்தக் கடிதம். உங்களை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும் வழியில் கந்தப்பன் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். அன்று கட்டும்போது அண்ணன் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று அவனாகவே சொன்னான். "அவ வர்ற வரைக்கும் இதத் தொடாதீங்கடா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். புத்தி கெட்டுப் பேசுகிறார் என்று நினைத்து இவன் முடிச்சை இன்னும் இறுக்கினானாம். "நேரா அவுக மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரலீங்க, நீங்க எழுதிருங்க" என்றான். எழுதிவிட்டேன். அவனை மன்னிப்பதும் விடுவதும் உங்கள் விஷயம்.

நானும் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன். நோயாளி என்று எழுதினேன். அந்த வரியை அழித்துவிடுங்கள்.

படத்தின் கதையை மாற்றிவிட்டேன். கொலை இல்லை. ஊர்தான் பயப்படுகிறது, பயத்தில்தான் அவனைக் கட்டுகிறது. கடைசியில் அவள் வருகிறாள். பேய்ப்படம் பார்க்க வந்தவர்களுக்குக் கடைசி இரண்டு நிமிடம் பேய் கிடைக்காது. ஏசினால் ஏசட்டும். 'இரத்தச் சுவர்' என்ற பெயரையும் மாற்றவா? உங்கள் முகத்தைத் திரையில் காட்ட எனக்கு அனுமதியும் வேண்டும். இந்தத் தரம் கேட்காமல் செய்யமாட்டேன்.

லயத்தை வியாழக்கிழமை இடித்துவிட்டார்கள், சொன்ன நாளுக்கு முதலே. நான் நின்று பார்த்தேன்.

உங்கள்,
பேரின்பநாயகம்


பூண்டுலோயா
13.10.1963

அன்புள்ள மாஸ்டருக்கு,

படம் பார்த்துவிட்டு வந்ததும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் அனுப்பிய பார்சலும் வந்து ஒரு மாதம் ஆகிறது. கொழுந்து மலையாய்க் கிடந்தது, கை ஓயவில்லை, கோபிக்க வேண்டாம்.

அட்டன் வாசிகசாலையில் அன்று நடந்ததை நீங்கள் பின்னால் மெஷினோடு நின்றதால் சரியாகப் பார்த்திருக்கமாட்டீர்கள். தலையில்லாத இடம் வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் வீரிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அடுத்தாற்போல் திரையில் நான் வந்து நின்றேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை விட்டுவிட்டு இன்னும் பெரிதாகக் கத்தினாள். பெயரை மாற்றச் சொல்லாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று. இரத்தம் என்று போட்டதால்தான் இவ்வளவு ஜனம் வந்தது.

கந்தப்பன் முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். படம் முடிந்ததும் நானே போய்க் கூப்பிட்டேன். "வா, வீட்டுக்கு வந்து சாப்புடு" என்றேன். இப்போது மாதம் ஒரு தரம் வருகிறான். மீனம்மாவுக்கு அவள் அப்பாவைப் பற்றிச் சொல்கிறான், எனக்குத் தெரியாததெல்லாம் கூடச் சொல்கிறான். பள்ளிக்கூடத்தில் அவளை 'சினிமாக்காரி மக' என்று கூப்பிடுகிறார்களாம். அவளுக்கு அதில் பெருமை.

நீங்கள் கண்ணாடி போட்டு அனுப்பிய படத்தைப் பற்றி என்ன எழுதுவது? அவர் வரைந்த உடம்பையும் நீங்கள் எடுத்த என் தலையையும் ஒன்றாய்ச் சேர்த்து, எங்கே ஒட்டியது என்று தெரியாமல் செய்திருக்கிறீர்கள். கழுத்தில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன், வெறும் கண்ணாடி. 'நீங்கள் என் முன்னால் இருந்தபோதுதான் இந்த முகத்தை எடுத்தேன், அவருடைய சட்டத்தை மீறவில்லை' என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மீறவில்லைதான். உடம்புக்கு இருபத்திரண்டு வயது, முகத்துக்கு முப்பத்தாறு. அது என் பிழை, நான்தான் வரத் தாமதம்.

நேற்று எங்கள் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரப் போனார்கள், நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"என்ன அக்கா, அடிக்க வேணாமா?"

"அடிங்க. கொஞ்சம் பொறுங்க."

ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி மீனம்மா கையில் கொடுத்தேன். அவர்களில் ஒருவன் எட்டிப் பார்த்தான். "யாரு அக்கா இது?" என்றான்.

"நாந்தான்."

"யாரு வரஞ்சது?"

"எம் புருசன். மூஞ்சி மட்டும் அப்புறமா வந்துச்சு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாளியில் சுண்ணாம்பு மட்டையை முக்கிக்கொண்டு போய்விட்டான். மீனம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். ஈரம் காய்ந்ததும் உள்ளே போய் அதே இடத்தில் மாட்டினேன். ஆணியையும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டார்கள், படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படிக்கு,
ந. ராக்காயி